ஒற்றை ஒளித்துகளும் ஓர் ஓவியமும்

செய்தி ஒன்று செவியில் விழுந்ததும் அதை அப்படியே அடுத்தவரிடம் சேர்ப்பது மனித இயல்பு. ஆயின், நம் முன்னோர் வளர்த்த கல்வி முறையில் எந்தச் செய்தியும் இரண்டு வாயில்களைக் கடந்தே உள்ளே வர முடிந்தது. இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்குச் சொன்னவர் யார் என்று அறிவிப்பாளர் தொடரை விசாரிப்பது முதல் வாயில். அத்தொடருக்கு ‘ஸனது’ என்று பெயர். சொல்லப்பட்டது எவ்வளவு, அதில் கூட்டலோ குறைத்தலோ நேர்ந்ததா என்று வாசகத்தை நிறுத்துப் பார்ப்பது இரண்டாம் வாயில். அவ்வாசகத்திற்கு ‘மத்ன்’ என்று பெயர். ஹதீஸ் கலைக்காக உருவான இந்தச் சோதனைகள் அக்கலையோடு நின்றுவிட வேண்டியவை அல்ல. விஞ்ஞானத்தின் பெயரால் நாளும் நம் இல்லங்களுக்குள் வந்து சேரும் செய்திகளுக்கும் இவை பெரிதும் வேண்டப்படுகின்றன.

அத்தகைய செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2007 ஜனவரித் திங்களில் அமெரிக்க நாட்டின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. ‘ஒரே ஓர் ஒளித்துகளுக்குள் ஒரு முழுப் படத்தைப் பதித்துச் சேமித்துவிட்டனர்’ என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இதுபோன்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே இரு குரல்கள் எழுவதுண்டு. ‘இது மேலைநாட்டார் வித்தை, நமக்கும் இதற்கும் என்ன உறவு?’ என்பது ஒரு குரல். ‘இதையெல்லாம் நம்மவர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுவிட்டனர்’ என்பது மற்றொரு குரல். முன்னது ஸனதை அறியாத பேச்சு. பின்னது மத்னை மிகைப்படுத்தும் பேச்சு. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே, இரண்டையும்விடச் சுவை மிகுந்ததாக இருக்கிறது. அதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தியின் உள்ளடக்கம்

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ராச்செஸ்டரில் அந்த ஆய்வை நிகழ்த்தி வெளியிட்டோர் நால்வர்: ரயன் காமாச்சோ, கர்ட்டிஸ் பிராட்பென்ட், இர்ஃபான் அலிகான், ஜான் ஹோவெல். அவர்கள் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடிக் கலத்தில் சீசியம் என்னும் உலோகத்தின் ஆவியை நிரப்பினர். லேசர் ஒளியைச் சிறுசிறு துடிப்புகளாக்கி, உருவம் வெட்டிய ஒரு தகட்டின் வழியே செலுத்தி, அக்கலத்துக்குள் புகவிட்டனர். ஒவ்வொரு துடிப்பும் 2 நானோ விநாடி அளவினது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோ விநாடி.

வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். ஆதலால் 10 சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு மூன்றில் ஒரு நானோ விநாடி போதும். ஆனால் அந்த ஆவிக்குள் புகுந்த துடிப்பு நடை தளர்ந்தது. வெளியே வர 10 நானோ விநாடி வரை தாமதித்தது. வெளியே 3 மீட்டர் தூரம் ஓடியிருக்க வேண்டிய நேரத்தை அது ஒரு சாண்கூட இல்லாத குழாய்க்குள் கழித்தது. வெளிவந்தபோது அது சுமந்து சென்ற உருவம் சிதையவில்லை. எங்கே வெளிச்சம், எங்கே இருள் என்பது மட்டுமன்றி, ஒளியலையின் ஏற்ற இறக்க ஒழுங்கும் அப்படியே காக்கப்பட்டிருந்தது.

ஒளியின் நடையைத் தளர்த்தும் வித்தை அதற்கு முன்பே அறியப்பட்டதுதான். 1999-இல் லேன ஹாவ் என்னும் அம்மையாரின் குழுவினர், கடுங்குளிரூட்டிய சோடியம் அணுக்களுக்குள் ஒளியின் வேகத்தை விநாடிக்கு 17 மீட்டராகக் குறைத்துக் காட்டியிருந்தனர். ராச்செஸ்டர் குழுவினர் செய்த புதுமை, தளர்நடை ஒளியின் முதுகில் ஓர் உருவத்தை ஏற்றி, அது குலையாமல் இறக்கிக்கொண்டதாகும். பின்னர் அவர்கள் ஒளியை மங்கச் செய்துகொண்டே போய், ஒவ்வொரு துடிப்பிலும் சராசரியாக ஒன்றுக்கும் குறைவான ஒளித்துகளே இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். அப்போதும் உருவம் பிழைத்தது. ‘சராசரியாக ஒன்றுக்கும் குறைவான’ என்ற சொற்களை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். மத்னை நிறுக்கும்போது அவற்றுக்குத் திரும்ப வருவோம்.

இருட்டறையில் தொடங்கிய பாடம்

இனி ஸனதைத் தொடுவோம். ஒளி உருவத்தைச் சுமந்து வருகிறது என்னும் அறிவு எவ்வாறு உறுதிப்பட்டது?

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கருதினர். ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965-ஐ ஒட்டிப் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040-ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைதம், அக்கருத்தைத் தர்க்கத்தாலும் சோதனையாலும் ஆராய்ந்து விலக்கினார். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ ஏழு பகுதிகள் கொண்ட பெருநூல். ஒளியுள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்க்கோட்டில் பரவுகிறது. அது கண்ணை வந்தடைவதே காட்சி என்று அதில் நிறுவினார்.

அதற்கு அவர் காட்டிய சோதனை எளியது. ஓர் இருட்டறை, அதன் சுவரில் ஒரு சிறு துளை. துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறிடங்களில் வைத்தால், உள்ளே அத்தனை விளக்குகளின் ஒளியும் தனித்தனிப் பொட்டுகளாக விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். ஒரே துளையில் நெருங்கிப் புகுந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து கெடவில்லை. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடு உள்ளே வருகிறது. ‘அல்பைத்துல் முழ்லிம்’, இருண்ட அறை, என்று அவர் குறித்த அந்த அமைப்பே இன்றைய ஒளிப்படக் கருவிகளின் முன்னோர்களுள் ஒன்று.

ஒளியும் நிறமும் கண்ணுக்குக் கொண்டுவருவதை அவர் ‘ஸூரத்’ என்ற சொல்லால் குறிக்கிறார். நம் பிள்ளைகள் இதைக் குர்ஆனின் அத்தியாயத்தைக் குறிக்கும் ‘ஸூரா’வோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது ‘ஸீன்’ எழுத்தில் தொடங்குவது. உருவம் என்று பொருள்படும் இது ‘ஸாத்’ எழுத்தில் தொடங்குவது. ஒளி ஓர் உருவத்தின் தூதர் என்ற எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது.

அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் ஃபிரீட்ரிக் ரிஸ்னர் என்பவரால் பாஸல் நகரில் அச்சேற்றப்பட்டது. இதற்கிடையே பாரசீகத்தில், 1319-ஐ ஒட்டி மறைந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, தம் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸீ வழிகாட்ட, இப்னுல் ஹைதமின் நூலைத் தேடிப் பெற்றுப் பயின்று, ‘தன்கீஹுல் மனாழிர்’ என்ற திருத்த நூலை யாத்தார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளிக்கு நிகராக இருட்டறையில் வைத்து, வானவில் பிறக்கும் விதத்தை விளக்கினார். முன்னோரின் பெயரைச் சொல்லி, அவர்கள் நூலை மதித்து, பிழை கண்ட இடத்தில் திருத்துவதே ஸனதைப் பேணும் முறை என்பதற்கு அந்நூல் சான்று.

இப்னுல் ஹைதம், மேலும் பகுத்தால் ஒளியாக நில்லாத மிகச் சிறிய ஒளியைப் பற்றியும் பேசியதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, ‘ஒளித்துகளை அவரே கண்டார்’ என்று முழங்குவோர் அவருக்குச் செய்வது சிறப்பன்று. அவர் கருதியது அகலத்தில் சிறுத்த ஒளி. இன்று ஒளித்துகள் எனப்படுவதோ ஆற்றலின் கணக்கு. தாம் சோதித்துக் காணாததைச் சொல்ல அஞ்சிய ஒருவர் மீது, அவர் சொல்லாததை ஏற்றிவைப்பது நியாயமாகாது.

ஆற்றலின் சில்லறை

ஒளியைத் துகளென்று நியூட்டன் கருதியதும், அலையென்று பின்னோர் மெய்ப்பித்ததும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த கதை. புதிய அத்தியாயம் 1900-இல் தொடங்கியது. வெப்பமான பொருள்கள் ஆற்றலைத் தொடர்ச்சியாக அளக்காமல், சிறு சிறு கூறுகளாகவே கொடுத்து வாங்குகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க் கணக்கிட்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதற்கும் மேலே சென்று, ஒளியே அத்தகைய கூறுகளாகப் பயணம் செய்கிறது என்றார். ‘ஃபோட்டான்’ என்ற பெயர் 1926-இல்தான் வழக்குக்கு வந்தது.

அலையாகவும் துகளாகவும் இரண்டாகவும் இருப்பது எங்ஙனம்? இங்கே ஓர் அழகிய சோதனையைக் குறிப்பிட வேண்டும். 1909-இல் கேம்பிரிட்ஜில் இளைஞர் ஜெஃப்ரி டெய்லர், ஒரு மைலுக்குச் சற்று அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் அளவுக்கு ஒளியை மங்கச் செய்து, ஓர் ஊசியின் நிழலைப் படத்தட்டில் விழவைத்தார். தட்டில் பதிவு நிறைய ஏறத்தாழ மூன்று திங்கள் பிடித்தது. ஒளி அத்துணைச் சிறுகச் சிறுக வந்தபோதும், நிழலின் விளிம்பில் அலைகளுக்கே உரிய கோலங்கள், பேரொளியில் தோன்றியவாறே தோன்றின. துளித்துளியாக வந்தும் கோலம் குலையவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ராச்செஸ்டர் ஆய்வின் முன்வடிவம் அந்த ஊசி நிழலில் இருக்கிறது.

டாக்காவிலிருந்து ஒரு மடல்

இவ்விடத்தில் ஸனது நம் மண்ணைத் தொடுகிறது. 1921-இல் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் சூத்திரத்தைப் புதுவழியில் வருவித்து, 1924 ஜூன் திங்களில் அக்கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 30. ஐன்ஸ்டைன் அதைத் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அவ்வாண்டே அச்சிடச் செய்தார்.

போஸ் கண்ட நுட்பத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இரண்டு பெட்டிகள், போட வேண்டிய மணிகள் இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் எனில், அவற்றைப் போடும் வகைகள் நான்கு. இரண்டும் முதற்பெட்டியில், இரண்டும் அடுத்ததில், சிவப்பு இங்கும் நீலம் அங்கும், நீலம் இங்கும் சிவப்பு அங்கும். ஆனால் இரண்டு மணிகளும் எவ்வகையிலும் வேறுபடுத்த முடியாதவை எனில், கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும், வகைகள் மூன்றே. ஒளித்துகள்களை இவ்வாறுதான் எண்ண வேண்டும் என்றார் போஸ். அவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. நெற்றியில் அடையாளம் இல்லை. இவ்வெண்ணும் முறைக்குக் கீழ்ப்படியும் துகள்கள் அனைத்துக்கும் இன்று ‘போஸான்’ என்றே பெயர்.

ஓர் ஒளித்துகள் படத்தைச் சுமப்பது எங்ஙனம் என்பது இதனின்று வேறான கேள்வி. துகளின் மேனியில் படம் வரையப்படுவதில்லை. அது எங்கெங்கே தோன்றக்கூடும், எவ்வளவு கூடும் என்ற வாய்ப்பின் வடிவமே படமாகிறது.

வத்திராயிருப்பின் மைந்தர்

போஸ் பணியாற்றிய அதே டாக்காவுக்கு 1928 டிசம்பரில் ஒரு தமிழர் இயற்பியல் ரீடராகச் சென்று சேர்ந்தார். அவர் கே.எஸ். கிருஷ்ணன். சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்து சென்றால் மலையடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வகத்தை அடைந்தவர். நம் வட்டாரத்து மக்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

1928-இன் தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் ஏறத்தாழ 60 திரவங்களுக்குள் சூரிய ஒளியைக் குவித்துச் செலுத்தி, சிதறி வரும் ஒளியில் புகுந்த நிறத்தினின்றும் மாறிய நிறம் இருப்பதைக் கண்டனர். இருவர் பெயரோடும் அச்செய்தி 1928 மார்ச் 31 அன்று ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குத் தனித்து வழங்கப்பட்டது. உலகம் ‘ராமன் விளைவு’ என்ற பெயரை வைத்துக்கொண்டது. கிருஷ்ணனின் பெயர் ஏடுகளின் அடிக்குறிப்பில் தங்கிவிட்டது. அவர் 1947-இல் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகி, 1961-இல் மறைந்தார்.

ராமன் விளைவு என்பது ஒளித்துகள் ஒன்று ஒரு மூலக்கூற்றோடு செய்யும் கொடுக்கல் வாங்கல். துகள் தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூற்றிடம் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியேறுகிறது. சிதறும் துகள்களில் ஏறத்தாழக் கோடிக்கு ஒன்றே இவ்வாறு நடந்துகொள்கிறது. கொடுத்த பங்கு உள்ளே தங்குகிறது என்பதை நோக்குக. அப்படியானால் அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாதா?

முடியும் என்று காட்டினர் பின்வந்தோர். வலிமையான ஏவல் ஒளி ஒன்றின் துணையோடு, மெல்லிய ஒளித்துடிப்பை அணுக்களின் கூட்டத்துக்குள் பதித்து, வேண்டும்போது மற்றோர் ஏவல் துடிப்பால் திரும்ப எழுப்பும் முறை, ‘ராமன் நினைவகம்’ என்றே அழைக்கப்படுகிறது. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இயன் வாம்ஸ்லி குழுவினர் சீசியம் ஆவியில் இதைச் செய்து காட்டினர். அதில் படம் இல்லை. ஒளித்துடிப்பைச் சேமித்து மீட்டதே அதன் சாதனை. ஆயினும் ஒளியைச் சேமிக்கும் கலையின் ஒரு கிளைக்கு வேர், கல்கத்தாவில் சூரிய ஒளியோடும் சில குப்பிகளோடும் நடந்த அந்தச் சோதனையில் இருக்கிறது. அவ்வேரை நட்ட கைகளில் ஒன்று நம் பக்கத்து ஊரின் கை.

தாம்பரத்திலிருந்து ராச்செஸ்டருக்கு

அடுத்த கண்ணி இன்னும் நெருக்கமானது. 1931-இல் கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்த இ.சி.ஜி. சுதர்சன், தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்திருந்த அதே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1951-இல் பட்டம் பெற்றார்; அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பம்பாயின் டாட்டா நிறுவனத்தில் ஆய்வு செய்தபின், 1958-இல் டாக்டர் பட்டம் பெற்றது ராச்செஸ்டரில்! பின்னாளில், 2007-இன் செய்தி புறப்பட்ட அதே பல்கலைக்கழகம் அது.

1963-இல் அங்கே பணியாற்றிய நாளில், ஒளியின் எந்த நிலையையும் லேசர் ஒளி போன்ற சீரான ஒளிநிலைகளின் கலவையாக எழுத முடியும் என்று அவர் நிறுவினார். கலவையில் ஒவ்வொரு சீர்நிலைக்கும் ஒரு பங்கு உண்டு. சாதாரண ஒளிக்கு அப்பங்குகள் எல்லாம் வாய்ப்புக் கணக்கின் இயல்புப்படியே இருக்கும்; எதுவும் சுழிக்குக் கீழே போகாது. ஆனால் உண்மையான தனி ஒளித்துகளுக்கு அக்கணக்கு எழுதினால், பங்குகள் சாதாரண வாய்ப்புகளாக நில்லாமல், எதிர்மறையாகவும் கட்டுக்கடங்காமலும் போகும். ஒரு வியாபாரத்தில் ஒரு பங்காளியின் பங்கு கடனாக வருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒளி எப்போது பழைய இயற்பியலுக்குள் அடங்கும், எப்போது அடங்காது என்று பிரித்தறியும் உரைகல் இதனால் கிடைத்தது.

ஒளியின் குவாண்டம் ஒருங்கியல்பை விரிவாக ஆராய்ந்த அமெரிக்கர் ராய் கிளாபரும் அதே 1963-இல் இவ்வழியில் எழுதினார். இம்முறை இன்று ‘கிளாபர்–சுதர்சன்’ என இருவர் பெயராலும் வழங்குகிறது. 2005-இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிளாபருக்கு அளிக்கப்பட்டது, சுதர்சன் விடப்பட்டார். கிளாபரின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் சுதர்சனின் பங்கு மறைக்கப்படலாகாது என்று அறிஞர் பலர் குரல் எழுப்பினர். சுதர்சனும் தம் ஆட்சேபத்தைப் பரிசுக் குழுவுக்கு எழுதினார். 1984 முதல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் சில ஆண்டுகள் பணிபுரிந்த அவர், 2018 மே திங்களில் அமெரிக்காவில் காலமானார். தொடரில் ஒரு ராவியின் பெயர் விடுபட்டால் தொடரே குறையுடையதாகும் என்பது நாம் அறிந்த விதி. பரிசுப் பட்டியல்களுக்கு அந்த விதி தெரியாதிருக்கலாம். வரலாறு எழுதுவோர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உரைகல்லில் அந்தச் செய்தி

இப்போது மத்னை நிறுப்போம். ‘ஒரே ஒளித்துகளில் முழுப் படம்’ என்றனர் பத்திரிகையாளர். ஆய்வாளர்கள் எழுதியதோ ‘சராசரியாக ஒன்றுக்கும் குறைவான ஒளித்துகள்’ என்பது. இரண்டும் ஒன்றா?

லேசர் ஒளியை எவ்வளவு மங்கச் செய்தாலும் அது எண்ணிவைத்தாற்போல் ஒவ்வொரு துகளாக வராது. சில துடிப்புகள் வெறுமையாகவும், சில ஒரு துகளோடும், மிகச் சில இரண்டு துகள்களோடும் வரும். சுதர்சனின் உரைகல்லில் தேய்த்தால் அது இன்னமும் சாதாரண ஒளியே. ராச்செஸ்டரின் செய்தியை ராச்செஸ்டரில் உருவான அளவுகோலே அடக்கத்தோடு திருத்துகிறது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை; கூட்டிச் சொன்னவர்கள் இடையில் வந்த அறிவிப்பாளர்கள்.

இரண்டாவது கேள்வி: ஒரு துகள் படத்தைச் சுமந்து வந்தால், அதை நாம் பார்க்க முடியுமா? விசைத்தறிக்குப் பேர்போன சங்கரன்கோவில் வட்டாரத்தார்க்கு இதைத் தறியைக் கொண்டு விளக்குவது எளிது. பாவின் குறுக்கே ஓடும் ஒற்றை ஊடை இழையைப் பார்த்து, சேலையில் வரப்போகும் பூ இன்னதென்று யாரும் சொல்ல முடியாது. இழைமேல் இழை விழுந்து, நூறாகி ஆயிரமான பின்பே பூ மலர்கிறது. அவ்வாறே, தகட்டின் வழியே வந்த ஓர் ஒளித்துகள் கருவியில் ஒரே ஒரு புள்ளியைத்தான் வைக்கும். துகள்கள் பல வந்து புள்ளிகள் பல சேர்ந்த பின்பே எழுத்து தெரியும். ராச்செஸ்டரிலும் எண்ணற்ற துடிப்புகளைத் திரட்டியே படம் பெறப்பட்டது.

ஆனால் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஊடை இழைக்குத் தன் வரிசை மட்டுமே தெரியும். மற்ற வரிசைகளைப் பற்றி அதற்கு அறிவில்லை. ஒளித்துகளோ தகட்டில் வெட்டிய அத்தனைத் திறப்புகளையும் தன் வாய்ப்பாகக் கொண்டே கடந்து வருகிறது. ஒவ்வோர் இழையும் முழுப் பூவின் வரைபடத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஒரே ஒரு புள்ளியை மட்டும் குத்திவிட்டுப் போனால் எப்படியோ, அப்படி. ‘ஒரு துகளில் முழுப் படம்’ என்பது சுமப்பதைப் பற்றிய அளவில் மெய். காட்டுவதைப் பற்றிய அளவில் மெய்யன்று.

உஸூல் கலை பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. தனி ஒருவர் அறிவித்தது ‘கபருல் வாஹித்’. எண்ணற்றோர் வழிவந்தது ‘முதவாதிர்’. முன்னது தனியாக வந்தது என்பதாலேயே பொய்யாகிவிடாது. அது தரும் உறுதியின் அளவு வேறு, அவ்வளவே. ஒற்றைத் துகளின் சாட்சியமும் அத்தகையது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. படம் இன்னதென்று ஏதுமறியாமல் தேடினால் ஒரு துகள் போதாது. ஆனால் வரக்கூடியது இரண்டு படங்களில் ஒன்றுதான் என்பது முன்பே தெரிந்தால், அதற்கேற்ற ஹோலோகிராம் பதிவைத் துணைகொண்டு, அது எந்தப் படம் என்று ஒற்றைத் துகளைக் கொண்டே பிரித்தறியலாம் என 2009-இல் ராச்செஸ்டர் ஆய்வாளர்கள் காட்டினர். கேட்கத் தெரிந்தவனிடம் ஒரு சாட்சியே நிறையச் சொல்லும்!

பத்திரிகைகள் 2007-இல் சொன்னதற்கு மெய்யாகவே நெருங்கி வந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. சீனத்தின் ஹெஃபெய் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிங் டாங்ஷெங், ஷி பாவோசென் ஆகியோரின் குழுவினர், உரைகல்லில் தேறும் உண்மையான தனி ஒளித்துகளை உண்டாக்கி, அதன் குறுக்கு வடிவில் ஒரு சுழலுருவை ஏற்றி, குளிரூட்டிய ரூபிடியம் அணுக்களின் கூட்டத்துக்குள் சேமித்தனர். மீட்டெடுத்த துகளின் வடிவம் புகுந்த வடிவத்தோடு பெரிதும் ஒத்திருந்தது. தன் இணைத்துகளோடு அதற்கிருந்த குவாண்டம் உறவும் அறவில்லை. ராச்செஸ்டரில் நடந்தது தாமதம். ஹெஃபெயில் நடந்தது சேமிப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது இரண்டுக்கும் அநீதி.

நாம் செய்ய வேண்டுவது

இச்சேமிப்பால் பயன் என்ன என்று கேட்போருக்கு ஒரு சொல். அறியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிழையறப் படியெடுக்க இயலாது என்று 1982-இல் நிறுவப்பட்டது. ஆதலால் தனித்துகள்களில் அனுப்பும் இரகசியத்தை நடுவே ஒருவர் திருட்டுத்தனமாகப் படியெடுக்க முற்பட்டால் தடயம் தெரிந்துவிடும். ஆனால் அதே காரணத்தால், நெடுந்தூரம் செல்லும் துகளை வழியில் பெருக்கி அனுப்பவும் முடியாது. ஆங்காங்கே சேமித்து, ஒழுங்குபடுத்தி, அடுத்த கட்டத்துக்குக் கொடுக்கும் நினைவகங்கள் வேண்டும். இந்திய அரசு 2023 ஏப்ரல் 19 அன்று 6003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ்க் குவாண்டம் தகவல்தொடர்புக்குரிய மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. சங்கரன்கோவிலில் மாலையில் இரயில் ஏறினால் மறுநாள் காலையில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இந்தக் கல்வி இருக்கிறது.

பஸராவில் பிறந்தவர், டாக்காவில் கற்பித்தவர், வத்திராயிருப்பிலும் கோட்டயத்திலும் பிறந்தவர்கள், ராச்செஸ்டரிலும் ஹெஃபெயிலும் உழைத்தவர்கள் என இத்தொடரில் பல மொழியினரும் பல சமயத்தினரும் கைகோத்து நிற்கின்றனர். முஸ்லிமும் இந்துவும் கிறித்தவரும் யூதரும் இதில் உண்டு. எவருடைய கண்ணியைக் கழற்றினாலும் சங்கிலி அறும். நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இப்னுல் ஹைதமின் பெயரைக் கற்பிப்போர், கிருஷ்ணனின் பெயரையும் சுதர்சனின் பெயரையும் உடன் கற்பிக்கட்டும். அவர்கள் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கற்பிக்கட்டும். பழம்பெருமையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடும். தனக்கு இதில் பங்கே இல்லை என்று கேட்டு வளரும் பிள்ளை, புத்தகத்தைத் திறக்கவே திறக்காது. தொடர் எதுவரை வந்திருக்கிறது, அடுத்த கண்ணிக்கு இடம் எங்கே இருக்கிறது என்று அறிந்து வளரும் பிள்ளையே அவ்விடத்தில் போய் நிற்கும்.

‘இவரிடமிருந்து இவர் கேட்டார்’ என்று ஒவ்வொரு பெயரையும் பேணிக் காத்த ஒரு கல்வி மரபுக்கு வாரிசுகள் நாம். அம்மரபு நமக்கு இட்டுச் சென்ற கடமை, பிறர் பெயரைச் சரியாகச் சொல்வதும், அத்தொடரின் ஓரத்தில் நம் பிள்ளைகளின் பெயரும் எழுதப்படும் அளவுக்கு அவர்களைப் படிக்கவைப்பதுமே ஆகும்.